விற்பனையை முன்னறிதல்: ஊவா மலைநாடு கற்பிக்கும் பாடம்

விற்பதற்கென ஒரு பொருளை ஆக்கும் எவரும், அப்பொருள் விலைபோவதற்கு நெடுநாள் முன்னரே அதன்பொருட்டுப் பணத்தையும் உழைப்பையும் செலவிட வேண்டியவராகின்றார். தேயிலைக் கன்றை நடுபவர் அதன் கொழுந்தை முறையாகப் பறிப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கின்றார். புதியதோர் இயந்திரத்தை அமைப்பவரும் அத்துணைக் காலம் ஆராய்ச்சியிற் கழித்த பின்னரே அதனைக் கடைக்கு அனுப்புகின்றார். இவ்விருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் வினா ஒன்றேயாம்: 'இது சந்தைக்குச் செல்லுங் காலத்தில் எத்தனை பேர் இதனை வாங்குவர்?' இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே விற்பனை முன்னறிதல் எனப்படும். இது சோதிடம் அன்று. தெரிந்தவற்றை அடிப்படையாகக் கொண்டு தெரியாததை அளவிட முயலும் ஓர் ஆராய்ச்சி முறை.

இம்முயற்சி மிகக் கடினமாக உள்ள துறைகளுள் வீடியோ விளையாட்டுத் துறையும் ஒன்று. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் பொறிகளை ஆக்குவதில் இன்று நின்டெண்டோ, சோனி, மைக்ரோசொப்ட் என்னும் மூன்று நிறுவனங்களே முதன்மை பெற்று விளங்குகின்றன. போட்டியாளர் சிலராயிருப்பதனால் ஒருவர் செய்வது மற்றவரை உடனே தாக்குகின்றது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய பொறி வந்து பழையதை ஒதுக்கிவிடுகின்றது. ஆதலின், நேற்றைய கணக்கு நாளைக்கு உதவுமோ என்னும் ஐயம் இங்கு எப்பொழுதும் உண்டு.

பதுளையிலே கற்கும் மாணவருக்கு இது யாரோ எங்கோ நடத்தும் வாணிகமாகத் தோன்றலாம். ஆயினும் ஊவா மலைநாடு கடந்த நூற்றைம்பது ஆண்டுகளிற் கோப்பி, சிங்கோனா, தேயிலை என மூன்று பயிர்களை உலகச் சந்தைக்கு அனுப்பி, முன்னறிதல் பிழைத்தால் நேருவது யாது என்பதைப் பட்டறிந்த நாடாகும். ஆகவே நமக்கு அண்மையிலுள்ள பயிர்களையும் சேய்மையிலுள்ள பொறிகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், இக்கலையின் அடிப்படைகள் எளிதிற் புலனாகும்.

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவர் வலி என்னும் நான்கினையும் சீர்தூக்கிய பின்னரே வினையில் இறங்க வேண்டும் என்பது முதல் அதிகாரத்தின் தொடக்கக் கருத்து. அரசனுக்குக் கூறிய இவ்வைப்பு முறை வணிகனுக்கும் பொருந்துவதாகலின், இக்கட்டுரையும் அம்முறையையே பின்பற்றுகின்றது.

வினையின் வலி

விற்கப்படும் பொருளின் இயல்பான வலிமை முதற்கண் ஆராயத்தக்கது. நின்டெண்டோ நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வீ' என்னும் பொறி 10 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அதன் வழித்தோன்றலாக 2012ஆம் ஆண்டில் 'வீ யூ' வெளிவந்தது. 2014 மார்ச்சில் முடியும் நிதியாண்டில் அது 90 இலட்சம் விலைபோகும் என நிறுவனம் முன்னறிவித்தது. அந்நிதியாண்டு முடிவதற்கு இரண்டு மாதங்களே இருந்தபோது அத்தொகையை 28 இலட்சமாகக் குறைக்க நேர்ந்தது. உண்மையில் விற்பனையானது ஏறத்தாழ 27 இலட்சமே. புதிய பொறியைப் பழைய பொறிக்குரிய ஓர் உறுப்பெனவே வாங்குவோர் பலர் எண்ணியிருந்தனர். முன்னைய பொறியின் புகழைக் கணக்கிட்டோர் பின்னையதன் வலியைக் கணக்கிட்டிலர்.

ஊவாவிற் கோப்பிக்கு நேர்ந்ததும் இதனை ஒத்ததே. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் மஞ்சட் புள்ளிகளாக ஒரு பூஞ்சண நோய் முதன்முதற் காணப்பட்டது. மறு ஆண்டளவில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி 10 இலட்சம் அந்தர் என்னும் உச்சநிலையை எட்டியிருந்தமையால், நோயைப் பொருட்படுத்தியோர் சிலரே. பின்னர் விளைச்சல் குன்றியபோதும் உலகச் சந்தையில் விலை உயர்ந்தமையால் வருமானம் குறையவில்லை. விலையை மட்டும் நோக்கிய தோட்டக்காரர் கடன் வாங்கிப் புதிய நிலங்களிலும் கோப்பியையே நட்டனர். ஏக்கர் ஒன்றின் விளைச்சல் ஆண்டுதோறும் வீழ்வதைக் கணக்கிட்டிருந்தால் முடிவு முன்னரே தெரிந்திருக்கும். விலை தாழ்ந்தபோது அனைத்தும் ஒருங்கே சரிந்தன. தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டிற் கதவடைத்தது. மொத்த வருமானம் என்னும் ஒரே எண்ணின் பின்னால் விலை, விளைச்சல் என்னும் இரண்டு எண்கள் மறைந்து நிற்கின்றன. அவை எதிரெதிர்த் திசைகளிற் செல்லும்போது மொத்தத்தை மட்டும் நோக்குபவர் ஏமாறுவர்.

தன் வலி

இரண்டாவதாக அறிய வேண்டியது, கேட்பவர்க்கெல்லாம் கொடுக்கும் ஆற்றல் தமக்கு உண்டா என்பது. பொருளியலார் இதனை நிரம்பல் என்பர். சோனி நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட 'பிளேஸ்டேஷன் 5' 2022 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 1 கோடி 48 இலட்சம் விலைபோகும் என முதலில் எதிர்பார்க்கப்பட்டது. ஆயின் விற்பனையானது 1 கோடி 15 இலட்சமே. இங்குக் குறைந்தது மக்களின் கேள்வி அன்று. அரைக்கடத்திச் சில்லுகள் கிடையாமையால் வேண்டிய அளவு பொறிகளைச் செய்ய இயலவில்லை. கடைகளில் மக்கள் காத்திருந்தனர்; பொருள்தான் இல்லை.

இதனால் அறியத்தக்கது யாதெனின், விற்பனைக் கணக்கு எப்பொழுதும் கேள்வியின் கணக்காகாது என்பதாம். பத்துப் படி அரிசியே உள்ள கடையில் இருபது படிக்கு ஆள் வந்தாலும் ஏட்டிற் பத்து என்றே பதிவாகும். அவ்வேட்டைக் கொண்டு மறுநாட் கேள்வியை மதிப்பிடுபவர் பாதியையே மதிப்பிடுவார்.

2021ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் இரசாயன உரங்களின் இறக்குமதியைத் தடை செய்தது. அத்தடை சில மாதங்களின் பின் நீக்கப்பட்டதாயினும் தேயிலைச் செடிகள் உடனே தேறவில்லை. 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி மறு ஆண்டில் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக இறங்கியது. உலகிலே தேநீர் அருந்துவோர் தொகை அவ்வாண்டிற் குறைந்துவிடவில்லை. நம் கை தளர்ந்தது என்பதே உண்மை.

மாற்றான் வலி

ஒருவர் தம் பொருளையும் தம் ஆற்றலையும் செவ்வனே அறிந்தும் தோல்வியுறலாம். எதிரே நிற்பவரை மறந்தமையே அதற்குக் காரணமாகும். சேகா என்னும் யப்பானிய நிறுவனம் 1998ஆம் ஆண்டில் 'ட்ரீம்காஸ்ட்' என்னும் பொறியை வெளியிட்டது. அது குறைபாடுள்ள பொறி அன்று. ஆயின் 1999ஆம் ஆண்டில் சோனி தன் அடுத்த பொறியைப் பற்றி அறிவித்தவுடன் வாங்க எண்ணியிருந்தோர் பலர் காத்திருக்கத் தலைப்பட்டனர். 2000ஆம் ஆண்டில் வந்த 'பிளேஸ்டேஷன் 2' திரைப்படத் தட்டுக்களையும் இயக்க வல்லதாயிருந்தது. அது பின்னர் 15 கோடிக்கு மேல் விலைபோயிற்று. 'ட்ரீம்காஸ்ட்' ஆக்கம் 2001 மார்ச்சுடன் நின்றது. மாற்றானுடைய பொருள் சந்தைக்கு வருமுன்னரே அதனைப் பற்றிய செய்தியே விற்பனையைத் தடுக்க வல்லது என்பதற்கு இது சான்று.

கோப்பி அழிந்தபின் மலைநாட்டுத் தோட்டக்காரர் பலர் சிங்கோனா மரத்தை நட்டனர். அதன் பட்டையிலிருந்து காய்ச்சலுக்கு மருந்தாகும் கொய்னா எடுக்கப்படும். முதலில் நட்டவர் நல்ல விலை பெற்றனர். அவ்விலையைக் கண்டு ஏனையோரும் நட்டனர். 1886ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி ஒன்றரைக் கோடி இறாத்தலை எட்டியது. ஒவ்வொருவரும் தம் தோட்டத்து மரங்களை எண்ணினரேயன்றி, அயலாரும் அதே கணக்கை எண்ணுகின்றனர் என்பதை எண்ணிலர். அன்றியும், சாவகத் தீவில் ஒல்லாந்தர் கொய்னாச் சத்து மிகுந்த வேறோர் இனத்தை வளர்த்து வந்தனர். அப்பட்டை சந்தைக்கு வந்ததும் இலங்கைப் பட்டையின் விலை நிலைகுலைந்தது. உயர்ந்த விலை, அனைவரையும் ஒரே பயிருக்கு அழைத்துத் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்ளும் இயல்புடையது. இன்றைய விலையை நாளைய விலையாகக் கொள்ளும் முன்னறிவு பொய்ப்பது இதனாலேயாம்.

துணைவர் வலி

சில பொருள்கள் தனியே பயன்படா. விளக்குக்கு எண்ணெய் போல, விளையாட்டுப் பொறிக்கு விளையாட்டுகள் வேண்டும். நல்ல விளையாட்டுகள் இருப்பின் பொறி விலைபோகும். பொறிகள் பல வீடுகளில் இருப்பின் விளையாட்டு ஆக்குவோர் மிகுவர். ஒன்றையொன்று வளர்க்கும் இவ்வுறவு மறுதலையாகவும் இயங்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தின் பொறிகள் வீடுதோறும் பரவியிருந்தன. அச்செழிப்பை நம்பித் தரங்குன்றிய விளையாட்டுகள் அளவிறந்து வெளியிடப்பட்டன. ஒரு திரைப்படத்தின் பெயரால் 'ஈ.ரி.' என்னும் விளையாட்டு ஐந்து கிழமைகளில் ஆக்கப்பட்டு 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. விலைபோகாதவை மறு ஆண்டில் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ நகருக்கு அருகிற் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தோண்டியபோது அவை வெளிப்பட்டன. 1983ஆம் ஆண்டில் ஏறத்தாழ 300 கோடி டொலராக இருந்த அந்நாட்டு வீட்டு விளையாட்டு வாணிகம் 1985இல் ஏறத்தாழ 10 கோடி டொலராகச் சுருங்கியது.

ஊவாத் தேயிலைக்கும் துணைகள் பலவாயின. 1883ஆம் ஆண்டிற் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தம் பெயரிட்ட பொதிகளிலே தேயிலையைப் பிரித்தானிய மக்களிடம் சேர்த்தார். 1924ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது. ஏலமும் பொதியும் பாதையும் இன்றேல், கொழுந்து எத்துணைச் சிறந்ததாயினும் மலையைவிட்டு இறங்கிப் பயனடைந்திராது. முன்னறிவிப்போர் பொருளை மட்டுமன்றி, அப்பொருள் யாரைத் துணையாகக் கொண்டு செல்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும்.

காலம்

காலத்தை இருவகையாக நோக்கலாம். ஒன்று பருவம், மற்றொன்று வளர்ச்சியின் போக்கு. யூலை முதற் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மலைத்தொடரின் மறுபுறத்தில் மழையைச் சொரிந்துவிட்டு ஊவாவின் சரிவுகளில் உலர்காற்றாக வீசுகின்றது. அக்காலத்துக் கொழுந்தில் உண்டாகும் தனி மணமே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழைத் தந்தது. அப்பருவத்து விலையை ஆண்டு முழுவதற்கும் விரித்துக் கணக்கிடுபவர் பெரும் பிழை செய்வார். விளையாட்டுப் பொறிகளும் மேனாடுகளில் நத்தார்ப் பண்டிகையை அடுத்த நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே மிகுதியாக விலைபோகின்றன. ஆகலின் ஒரு மாதத்தின் கணக்கை முந்திய மாதத்தோடன்றி, முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுதலே முறை.

வளர்ச்சியின் போக்கை விளக்குவதற்கு அமெரிக்க அறிஞர் பிராங் பாஸ் 1969ஆம் ஆண்டில் ஒரு கணித முறையை வெளியிட்டார். புதிய நிலைப்பொருளை வாங்குவோர் இரு திறத்தார்: தாமாகவே வாங்குவோர், பிறரிடங் கண்டு வாங்குவோர். ஓர் எடுத்துக்காட்டாக, 1,000 வீடுகள் உள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்வோம். வாங்காத வீடுகளில் நூற்றுக்கு 3 ஆண்டுதோறும் தாமாகவே வாங்குகின்றன என்க. அத்துடன், ஊரில் வாங்கிய வீடுகளின் விகிதம் எத்துணையோ அதன் பத்தில் நான்கு பங்கு வீதத்தில் ஏனையவை கண்டு வாங்குகின்றன என்க. முதலாண்டில் 30 வீடுகள் வாங்கும். தொடர்ந்து 41, 54, 70, 87, 103 எனத் தொகை ஏறும். ஆறாம் ஆண்டின் இறுதியில் நிற்கும் வணிகர், ஆண்டுக்கு 16 வீதம் ஏறுகின்றது எனக் கொண்டு, பத்தாம் ஆண்டில் 167 விலைபோகும் என்பார். ஆயின் கணக்கு 113, 115, 107 எனச் சென்று பத்தாம் ஆண்டில் 89 ஆக இறங்கிவிடும். ஊரிலே வாங்காத வீடுகள் குறைந்துவிட்டமையே காரணம். மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்ப்பாராக. நேர்கோடாக ஏறுவது நேர்கோடாகவே ஏறிக்கொண்டிராது என்பது அதனால் விளங்கும். தேயிலை நாள்தோறும் அருந்தித் தீர்வதாகலின் இம்முறை அதற்குப் பொருந்தாது. ஒருமுறை வாங்கிப் பல்லாண்டு வைத்திருக்கும் பொறிக்கே பொருந்தும். பொருளின் தன்மைக்கேற்ற முறையைத் தெரிதலும் இக்கலையின் ஒரு கூறு.

இடம்

ஓரிடத்திற் பொருந்திய கணக்கு மற்றோரிடத்திற் பொருந்தாமற் போகலாம். 'பிளேஸ்டேஷன் 5' அமெரிக்காவில் 499 டொலர் விலையில் வெளிவந்தது. 2021ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என விதிக்கப்பட்டபோது டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபா. வரியும் ஏற்றுகூலியும் நீங்கலாகவே அப்பொறி 100 நாட் சம்பளத்துக்கு ஒப்பாயிற்று. 2022ஆம் ஆண்டில் டொலர் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தபோது அதே பொறி 180 நாட் சம்பளமாயிற்று. பொறியும் மாறவில்லை, விருப்பமும் மாறவில்லை, நாணயம் மாறிற்று. பசறையிலோ லுணுகலையிலோ ஓர் இளைஞருக்கு விளையாட்டு வேண்டுமெனின், அவர் நாடுவது கையிலுள்ள தொலைபேசியையே. இத்தகைய பிரதியீட்டுப் பண்டத்தை அறியாது, மேனாட்டு விகிதத்தை நம் குடித்தொகையாற் பெருக்கிப் பொறி விற்பனையை முன்னறிவிப்பது வெறும் எண் விளையாட்டாகும்.

நாணய மாற்றம் ஏற்றுமதியையும் மயக்க வல்லது. 2022ஆம் ஆண்டிற் கொழும்பு ஏலத்தில் தேயிலை விலை ரூபாவில் மிகப் பெரிதும் உயர்ந்தது. டொலரிற் கணித்தால் அவ்வுயர்வு அத்துணைப் பெரிதன்று. ஈராக், உருசியா, துருக்கி முதலிய நாடுகளில் வாங்குபவர் ரூபாவைக் கொண்டு முடிவு செய்வதில்லை.

முன்னறிவை உரைக்கும் முறை

மேற்கூறியவற்றை எல்லாம் ஆராய்ந்தபின் முன்னறிவை எவ்வாறு உரைப்பது? ஒரே எண்ணாகக் கூறுவது துணிவாகுமேயன்றி அறிவாகாது. 'இன்னின்ன நிலைமைகள் தொடருமாயின் இத்தொகைக்கும் அத்தொகைக்கும் இடைப்பட்டது' என எல்லை வகுத்துரைப்பதே நேர்மையான முறை. அவ்வாறு உரைத்ததை, 'சென்ற ஆண்டைப்போலவே இவ்வாண்டும்' என்னும் எளிய மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அதனினும் செம்மையாக அமையாத முறைக்குப் பெருங் கணிதம் இருந்தும் பயனில்லை. புதிய செய்தி வருந்தோறும் மதிப்பீட்டைத் திருத்துதலும் இழுக்கன்று. 2017 மார்ச்சில் வெளிவந்த நின்டெண்டோவின் 'சுவிட்ச்' முதல் முழு நிதியாண்டில் 1 கோடி விலைபோகும் எனக் கூறப்பட்டது. இடையில் இருமுறை உயர்த்தித் திருத்தப்பட்டு, இறுதியில் 1 கோடி 50 இலட்சம் விலைபோயிற்று. அதே நிறுவனமே முன்னர் மிகைபடவும் பின்னர் குறைபடவும் மதிப்பிட்டது என்பது, இத்துறையில் எவரும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதைக் காட்டும்.

பிழை நேருவது இயல்பெனின், அடுத்தெழும் வினா ஒன்றுண்டு: பிழையின் விலையை யார் கொடுப்பது? 2014ஆம் ஆண்டில் 'வீ யூ' பற்றிய முன்னறிவு பொய்த்தபோது நின்டெண்டோவின் தலைவர் சட்டோரு இவாட்டா சில மாதங்களுக்குத் தம் ஊதியத்திற் பாதியைக் குறைத்துக்கொண்டார். ஏனைய பணிப்பாளரும் தத்தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டனர். மதிப்பிட்டவரே சுமையையும் ஏற்றனர். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின்போது தேயிலை தேவைக்கு மிஞ்சிக் குவிந்து விலை வீழ்ந்தது. 1933ஆம் ஆண்டில் இந்தியா, இலங்கை, ஒல்லாந்தக் கிழக்கிந்தியா ஆகிய நாடுகளின் உற்பத்தியாளர் கூடி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பட்டனர். அதற்கிடையில் மலைநாட்டிலே தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் வேலையிழந்து இந்தியாவுக்குத் திரும்பினர். எத்தனை ஏக்கரில் தேயிலை நடுவது என முடிவு செய்தவர் அவர்கள் அல்லர். கொழுந்து பறித்தவர் எவரிடமும் எவரும் 'இது விலைபோகுமா?' எனக் கேட்டதில்லை. கேளாதவரின் கணக்குப் பிழைக்க, கேட்கப்படாதவரின் அடுப்பு அணைந்தது.

ஆதலின் விற்பனை முன்னறிதலை வணிகர்க்கு மட்டும் உரிய கலையென ஒதுக்குதல் தகாது. கொழும்பு ஏலத்தின் விலைகள் கிழமைதோறும் வெளியாகின்றன. அவற்றை ஓர் ஏட்டிற் குறித்து, ஊவாப் பருவத்தில் அவை எவ்வாறு அசைகின்றன என ஈராண்டு நோக்குதல் உயர்தர வகுப்பில் வணிகமும் கணிதமும் பயிலும் மாணவர்க்கு இயலாததன்று. 2005ஆம் ஆண்டிற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தையும் பெறுமதி சேர்த்தலையும் ஒரு பாடநெறியாகவே கற்பித்து வருகின்றது. தோட்டத்துப் பிள்ளைகள் இக்கணக்கைத் தாமே போடக் கற்பாராயின், தம் தொழிலைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் மேசையில், எண்களைக் கேட்டுத் தலையசைப்போராக அன்றி, அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என வினாவுவோராக அமர்வர்.